ஊருணிக்குப் பூட்டு

நமக்கு வந்த கடிதங்கள் பல. பாராட்டி வந்தவை உண்டு. பழித்து வந்தவை அதனினும் மிகுதி. சிரித்துவிட்டுக் கிழித்தெறிந்தவை பல. சட்டமிட்டு மாட்டி வைக்கலாமா என்ற சபலத்தைத் தந்தவை சில. ஆனால் கிழிக்க மனமின்றி, பிறர் கண்ணில் படும்படி வைக்கத் துணிவுமின்றி, ஏறத்தாழ இருபதாண்டு காலமாக மேசை இழுப்பறையின் அடியில் நாம் மறைத்து வைத்திருப்பது ஒரே ஓர் அஞ்சலட்டை.

2006ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பள்ளிகள் திறந்த புதிதில், அது வந்தது. எழுதியவர் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ‘ஐயா, எங்கள் வட்டாரத்துக் கிணறுகளைச் சோதித்துத் தாங்கள் வெளிநாட்டு ஏட்டில் எழுதியிருப்பதாக அறிந்தேன். எங்கள் பள்ளிக் கிணற்று நீரையும் தங்கள் ஆள் வந்து எடுத்துச் சென்றார். பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பேறி வருகிறது. முடிவு என்னவென்று தெரிந்தால் நலம். கட்டுரையின் படி ஒன்று அனுப்ப இயலுமா?’

இவ்வளவுதான். அவர் கேட்டது பொன்னல்ல, பொருளல்ல, பதவியல்ல, பரிந்துரையல்ல. தம் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தாம் கட்டிய வரிப்பணத்தில் கண்டறிந்த உண்மையைத் தமக்கும் சொல்லும்படி கேட்டார்.

அந்த அட்டைக்கு நாம் பதினொரு திங்கள் மறுமொழி எழுதவில்லை.

அந்நாளில் நாம் ஒரு பல்கலைக் கழகத்தின் வேதியியல் துறையில் ஆராய்ச்சி மாணவர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு உண்டு. அது நிலத்தடி நீரில் கரைந்து கிணற்றுக்கு வருகிறது. சிறிதளவு இருந்தால் பல்லுக்கு நல்லது. மிகுந்தால் அதே பல்லுக்குக் கேடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் வரம்பு கட்டியிருக்கிறது. வரம்பை மீறிய நீரைக் குழந்தைப் பருவத்தில் பருகினால் பல்லில் கறை. மிக மீறிய நீரைப் பல்லாண்டு பருகினால் எலும்பில் நோவு, முதுகில் வளைவு, மூட்டில் முடக்கம். முப்பது வயதில் முதியவர்போல் நடக்கும் மக்களை நாம் அப்பகுதியில் நேரில் கண்டோம். ‘போன பிறவியின் வினை’ என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வினையல்ல, வேதியியல்! அதை மெய்ப்பிக்கத்தான் நாம் புட்டிகளோடு புறப்பட்டோம்.

நாம் புறப்பட்டோம் என்று எழுதிவிட்டோம். பழக்கத்தின் வலிமை அது! உண்மையில் புட்டிகளோடு புறப்பட்டவர் வேறொருவர். நாட்கூலிக்கு ஆய்வகத்தில் அமர்த்தப்பட்டிருந்தவர். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். மிதிவண்டியின் பின்னால் மரப்பெட்டி கட்டி, அதில் பிளாஸ்டிக் புட்டிகளை அடுக்கி, வெயிலிலும் புழுதியிலும் ஊர் ஊராகச் சென்றவர் அவர். நாம் நான்கில் ஒரு முறை உடன் சென்றிருப்போம். கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டு அளந்ததும், புட்டிக்கு எண் இட்டதும், எந்த நாள், எந்த வேளை, மழைக்கு முன்னா பின்னா என்று குறித்ததும் அவர்தாம். சில ஊர்களில் ஊர்க் கிணற்றை அவர் நெருங்கக் கூடாது. அவர் பிறந்த தெரு அப்படி! வேறு யாரோ நீர் இறைக்க, தள்ளி நின்று புட்டியை மட்டும் நீட்டினார். நீட்டிய கை நடுங்கவில்லை. குறித்த எண் பிழைக்கவில்லை.

மூன்றாண்டுகள் முடிந்தன. கட்டுரை வந்தது. வெளிநாட்டு ஏடு, வழுவழுப்பான தாள்! அதில் நான்கு பெயர்கள். முதற்பெயர் நெறியாளருடையது. அடுத்தது துறைத் தலைவருடையது. அவர் அந்த மாவட்டத்தின் ஒரு கிணற்றையும் எட்டிப் பார்த்தவரல்லர். மூன்றாவது, கருவி ஒன்றை இரவல் தந்த பேராசிரியர் பெயர். நான்காவதாக நாம். புட்டி சுமந்தவருக்கு? கடைசி வரியில் நன்றி சொல்வார்களே, அதில்கூட இடமில்லை. கிணற்றருகேதான் தீட்டு என்றால், கட்டுரையிலுமா தீட்டு? அந்நாளில் நாம் இதை எவரிடமும் கேட்கவில்லை. நான்காவது இடமேனும் கிடைத்ததே என்று இனிப்பு வழங்கினோம். அந்த இனிப்பை அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அஞ்சலட்டை வந்தது. படி எங்கே இருந்தது அனுப்ப? நமது பல்கலைக் கழக நூலகமே அந்த ஏட்டுக்குச் சந்தா கட்டவில்லை. எழுதிய நாமே நம் கட்டுரையை ஏட்டில் படிக்க வேண்டுமானால் முப்பது டாலர். அன்றைய மதிப்பில் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். உரிமை முழுவதையும் வெளியீட்டாருக்கு எழுதிக் கொடுத்து ஒப்பமிட்டிருந்தோம். அவர்கள் நமக்குத் தந்த கூலி ஒன்றுமில்லை. கட்டுரையைச் சரிபார்த்துக் கருத்துரைத்த அறிஞர்களுக்கும் ஒன்றுமில்லை. உழுதவனுக்கும் கூலியில்லை, களை பறித்தவனுக்கும் கூலியில்லை. களத்தை வளைத்துப் பூட்டுப் போட்டவனுக்கு விளைச்சல் முழுதும் சொந்தம்! இந்தத் துறையின் பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் நூறு ரூபாய் வரவில் முப்பதுக்கு மேல் இலாபம் காண்பவை. வட்டிக்கடைக்காரனும் வாய் பிளப்பான்.

தொடக்கம் இப்படியா இருந்தது? இல்லை. 1665இல் இலண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் அறிவியல் ஏடு ஒன்றைத் தொடங்கியபோது, அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புகளைப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கத்தை உடைப்பதே நோக்கம். முன்னே வெளியிட்டவனுக்கு முதற்புகழ், ஊராருக்கு உண்மை. இரண்டையும் ஒரே ஏட்டில் இணைத்தார். அந்த ஏட்டுக்குப் பின்னால் நின்ற இராயல் சொசைட்டியின் கொள்கை மொழி இலத்தீனில் உள்ளது: எவர் சொல்லையும் சொன்னதற்காகவே ஏற்காதே என்பது அதன் கருத்து. நம் வள்ளுவர் வலியுறுத்தியதும் அதுவே. ஆனால் சொல்லை ஏற்காமல் சான்றைச் சோதிக்க வேண்டுமானால், சான்று கையில் கிடைக்க வேண்டாமா? முப்பது டாலர் கொடுத்தவனுக்கு மட்டும் சான்று, மற்றவனுக்கு ‘அறிஞர் சொன்னார், நம்பு’ என்றால், அது அறிவியலா? அருள்வாக்கு அன்றோ!

பூட்டை உடைக்க முயன்றோரும் உண்டு. 1991இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலார், கட்டுரைகளை அச்சுக்கு முன்பே எவரும் கட்டணமின்றிப் படிக்கும் மின்னணுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்தார். இன்றும் இயற்பியலாரும் கணிதத்தாரும் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். 2002இல் புடாபெஸ்டு நகரிலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது: ஆராய்ச்சிக் கட்டுரைகள் அனைவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று. 2021இல் யுனெஸ்கோ மன்றம் திறந்த அறிவியலுக்கான பரிந்துரையை ஏற்றது. 2020 சனவரி 11ஆம் நாளை மறக்க முடியுமா? சீனத்தில் பரவிய புதிய நுண்மத்தின் மரபெழுத்து முழுவதையும் ஷாங்காய் அறிஞர் ஷாங் யோங்சன் குழுவினர் கண்டறிந்திருந்தனர். அதை எட்வர்டு ஹோம்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் வழியாக எவரும் பார்க்கும்படி இணையத்தில் விரித்தனர். தடுப்பூசியின் வடிவமைப்பு சில நாள்களில் தொடங்கிற்று. அந்த எழுத்தை முப்பது டாலர் பெட்டிக்குள் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இந்திய அரசும் ஒன்று செய்திருக்கிறது. 2024 நவம்பரில் ‘ஒரு நாடு, ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, முப்பது வெளியீட்டாரின் ஏறத்தாழ 13,000 ஏடுகளை அரசுக் கல்வி நிறுவனங்கள் படிக்க வழி செய்திருக்கிறது. நல்லது. நம் போன்ற நிலையில் இன்று ஒரு மாணவன் இருந்தால் தன் கட்டுரையைத் தானே படிக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டை எழுதிய ஆசிரியர்? தொடக்கப் பள்ளி அப்பட்டியலில் இல்லை. ஊராட்சி மன்றம் இல்லை. பிள்ளையின் பல்லைப் பார்த்துக் கலங்கும் தாய் இல்லை. பூட்டுக்காரனிடமே ஆறாயிரம் கோடி கொடுத்துச் சாவியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வேறு வழி தெரியாத நாடா இது? 1949இல் பாரதியாரின் பாடல்களின் உரிமையை அரசே பெற்று மக்களுக்கு வழங்கியது. பின்னர் அண்ணா உள்ளிட்ட எழுத்தாளர் பலரின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. ‘நாட்டுடைமை’ என்ற அந்தச் சொல்லே எவ்வளவு அழகு! கவிதையை நாட்டுடைமை ஆக்கத் தெரிந்த நமக்கு, கிணற்று நீரின் கணக்கை நாட்டுடைமை ஆக்கத் தெரியாதா? மக்கள் பணத்தில் நடந்த ஆய்வு மக்களுக்கே என்று ஒவ்வொரு பல்கலைக் கழகமும் ஒரு வரி விதி எழுதினால் போதும். கட்டுரையின் ஒரு படி தன் திறந்த களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்று. ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ என்ற களஞ்சியம் ஏற்கெனவே உண்டு. நூலகத்தில் தூசி தின்ற ஆய்வேடுகள் அதில் எவர் கண்ணுக்கும் படுகின்றன. திருட்டு எழுத்து எவ்வளவு என்பதும் அதனால் தெரிகிறது, அதுவும் நன்மையே!

நம் கதைக்கு வருவோம். படி இல்லையென்றால் என்ன, தட்டெழுதிய மூலம் நம் கையில் இருந்ததே, அதை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். நெறியாளரிடம் அட்டையைக் காட்டினோம். ‘ஊரில் பீதி கிளப்பாதே. செய்தித்தாளுக்குப் போகும், மேலிடத்திலிருந்து கேள்வி வரும். உன் நேர்முகத் தேர்வு வேறு வருகிறது’ என்றார். விரிவுரையாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. நாம் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டுரையை ஆசிரியர் முப்பது டாலர் கொடுத்து வாங்கியிருந்தாலும், அவர் பள்ளிக் கிணறு அதில் இல்லை!

கிணறு ஆழமாக ஆழமாக ஃபுளோரைடு மிகும் என்பது நம் நெறியாளரின் கொள்கை. பெரும்பாலான கிணறுகள் அதற்கு அடங்கின. வரைபடத்தில் புள்ளிகள் ஒரு கோட்டையொட்டி அழகாக ஏறின. ஏழு கிணறுகள் மட்டும் அடங்கவில்லை. ஆழம் குறைவு, அளவு மிகுதி. அவற்றுள் ஒன்று பள்ளிக் கிணறு. வரம்பைப்போல் இருமடங்குக்கு மேல் காட்டியது. ‘புட்டி சுத்தமில்லாமல் இருந்திருக்கும், கூலியாள் எடுத்ததுதானே! நீக்கிவிடு’ என்றார் நெறியாளர். நீக்கினோம். கோடு நேரானது. ஏடு ஏற்றுக்கொண்டது. ஆனால் குறிப்பேட்டில் அந்தப் பள்ளிக் கிணற்றின் எண்ணுக்கு எதிரே, அந்தக் ‘கூலியாள்’ தம் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: ‘சந்தேகத்துக்கு மறுபடி போய்ப் புதுப் புட்டியில் எடுத்தது. அதே அளவு.’ ஐயம் வந்தால் மறுபடி சோதி என்ற ஆராய்ச்சியின் அரிச்சுவடியைப் பத்தாம் வகுப்புப் படித்தவர் கடைப்பிடித்தார். முதுகலைப் பட்டம் பெற்ற நாம் அதை அழித்தோம். குறிப்பேடு அலமாரிக்குள்; அலமாரிக்குப் பூட்டு; சாவி நெறியாளர் மேசையில்.

கட்டுரை திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதை இதனால்தான் சொல்கிறோம். கணக்கேடும் திறந்திருக்க வேண்டும். கணக்கேடு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; மாணவத் தோழர்களுக்கு அதில் மகிழ்ச்சி இருக்கிறது.

2010இல் புகழ்பெற்ற பொருளியல் பேராசிரியர்கள் ரைன்ஹார்ட், ஆர்வர்டு பல்கலைக் கழகத்தின் ரோகாஃப் இருவரும் ஒரு கட்டுரை எழுதினர். ஒரு நாட்டின் கடன் அதன் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும். சராசரி வளர்ச்சி சுழிக்கும் கீழே, 0.1 விழுக்காடு தேய்மானம் என்றது அவர்கள் கணக்கு. அவ்வளவுதான்! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசியல் தலைவர்கள் அதைக் கையில் எடுத்தனர். ஓய்வூதியத்தை வெட்டு, உதவித்தொகையைக் குறை, செலவைச் சுருக்கு; ஆர்வர்டே சொல்லிவிட்டது!

மாசசூசெட்ஸ் பல்கலைக் கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்றொரு மாணவர். புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எடுத்து அதன் கணக்கை மீண்டும் போட்டுக் காட்டு என்று வகுப்பில் வீட்டுப்பாடம். அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். போட்டார், வரவில்லை. திரும்பப் போட்டார், வரவில்லை. தன் பிழை என்றே முதலில் எண்ணினார். 2013இல் பேராசிரியர்களுக்கே எழுதி அவர்களுடைய கணக்குத் தாளைக் கேட்டார். அவர்கள் தந்தார்கள். இந்த இடத்தில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். நம் நெறியாளர் தந்திருக்க மாட்டார். தாளைத் திறந்தால், சராசரி எடுக்கும் கட்டளையில் ஐந்து வரிகள் விடுபட்டிருந்தன. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள், அகரவரிசையில் முதலில் நின்ற குற்றத்துக்காகக் கணக்கிலிருந்து காணாமற்போயின! வேறு சில ஆண்டுகளின் விவரங்கள் சேர்க்கப்படவில்லை. நாடுகளுக்குத் தந்த எடையும் பொருந்தவில்லை. எல்லாம் திருத்திப் போட்டால் தேய்மானம் இல்லை, 2.2 விழுக்காடு வளர்ச்சி! கணக்குத் தாளின் பிழையைப் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். கொள்கையை மட்டும் விடவில்லை. அது அவர்கள் உரிமை, வாதிடட்டும். ஆனால் வாதம் இப்போது எல்லார் கண்முன்னும் நடக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். மறுப்புக் கட்டுரையை ஹெர்ண்டன் தம் ஆசிரியர்கள் ஆஷ், பாலின் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டார். முதற்பெயர் யாருடையது? மாணவருடையது. பாடுபட்டவர் பெயர் முன்னே. அந்த இரு ஆசிரியர்களின் பண்பை எண்ணி நாம் வியக்கிறோம், வெட்கமும் படுகிறோம்.

புகழ் பங்கிடுவதில் மேல்நாடும் யோக்கியமல்ல. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற மாணவி, வானொலித் தொலைநோக்கி நாள்தோறும் கக்கிய ஏறத்தாழ நூறு அடி நீளத் தாளைக் கண்ணாலேயே படித்து, அதில் ஒரு சிறு கிறுக்கலைக் கண்டு, ‘கருவிக் கோளாறு’ என்று தள்ளாமல் பின்தொடர்ந்து, துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தார். 1974இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. அவருடைய நெறியாளர் ஹியூவிஷுக்கு! 2018இல் முப்பது இலட்சம் டாலர் பரிசு ஒன்று பெல் அம்மையாரைத் தேடி வந்தபோது, ஒரு டாலரும் தமக்கு வேண்டாம் என்று, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுகளிலிருந்து இயற்பியல் ஆராய்ச்சிக்கு வருவோரின் உதவித்தொகைக்கே அளித்துவிட்டார். மரபணுவின் முறுக்கேணி வடிவுக்குச் சான்றான கதிர்ப்படம் உரோசலிண்டு பிராங்க்ளினின் ஆய்வகத்தில் 1952இல் எடுக்கப்பட்டது. அவர் அறியாமலே 1953இல் பிறர் கண்ணுக்குக் காட்டப்பட்டது. 1962இல் பரிசு வழங்கியபோது அவர் உயிரோடு இல்லை. 1958இலேயே, 37 வயதில், மறைந்துவிட்டார்.

நம் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கும் ஒரு பெருமை உண்டு. புரதத்தின் மடிப்பைச் சரிபார்க்க உலக ஆய்வகங்கள் அனைத்தும் இன்றும் பயன்படுத்தும் வரைபடம் 1963இல் இங்கிருந்துதான் போயிற்று. இராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். கட்டுரையில் இருந்தவை மூன்று பெயர்கள்: இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன். மூவரையும் கட்டுரை முறையாகவே சொல்லிற்று. உலகத்தின் நாவுக்குத்தான் ஒரு பெயரே வசதியாக இருந்தது. பாடநூல் எழுதுவோராவது மூன்றையும் எழுதலாமே!

இப்போது பல ஏடுகள் ஒரு நல்ல முறையைக் கொண்டிருக்கின்றன. பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டால் போதாது. யார் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். கருத்து யாருடையது, களத்தில் அலைந்தவர் யார், கணக்கிட்டவர் யார், எழுதியவர் யார், பணம் தேடியவர் யார் என்று பதினான்கு வகைப் பணிகளைப் பிரித்திருக்கிறார்கள். நம் கட்டுரைக்கு அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தோம். துறைத் தலைவர் பெயருக்கு நேராக எழுத ஒரு பணியும் இல்லை. ‘தலைவராக இருந்தார்’ என்பது பதினான்கில் ஒன்றல்ல!

ஏன் இப்படி நடக்கிறது? நெறியாளர்கள் எல்லாம் கொடியவர்களா? இல்லை. நம் நெறியாளர் இரக்கமுள்ளவர். நம் தாயார் நோயுற்றபோது மருத்துவச் செலவுக்குப் பணம் தந்தவர். அவரை ஆட்டிப் படைத்தது எண்ணிக்கை. எத்தனை கட்டுரை? எந்த ஏடு? அதன் ‘தாக்க எண்’ என்ன? ஓர் ஏட்டின் கடந்த ஈராண்டுக் கட்டுரைகளைப் பிறர் சராசரியாக எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்பதே அந்த எண். எந்த ஏடுகளைத் தொகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்ய 1960களில் யூஜின் கார்ஃபீல்டு வகுத்த கருவி அது. ஏட்டை அளக்கச் செய்த படியைக் கொண்டு மனிதனை அளக்கத் தொடங்கினார்கள். நெல் அளக்கும் மரக்காலில் தலையைக் கவிழ்த்து அறிவை அளப்பது போல!

எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு ஏட்டுக் கட்டுரை கட்டாயம் என்று பல்கலைக் கழக மானியக் குழு விதித்தது. காசுக்குக் கட்டுரை அச்சிடும் கள்ள ஏடுகள் காளான்போல் முளைத்தன. தன் அங்கீகாரப் பட்டியலிலேயே அவை புகுந்துவிட்டதைக் கண்டு 2018இல் 4,305 ஏடுகளைக் குழு நீக்கியது. 2022இல் கட்டாயத்தையே கைவிட்டது. அந்த நீக்கத்துக்குப் பின் வகுத்த பட்டியலையும் 2025இல் நிறுத்திவிட்டு, நல்ல ஏட்டை நீங்களே ஆராய்ந்து தேர்ந்துகொள்ளுங்கள் என்று நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. சரிதான்; ஆனால் நேர்முகத் தேர்வறையில் அமர்ந்திருப்பவர் இன்னும் பழைய கேள்வியைத்தானே கேட்கிறார்: ‘எத்தனை?’

அந்தக் கேள்வியை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஏட்டின் தாக்க எண்ணால் ஆளை மதிப்பிடாதீர் என்ற சான்பிரான்சிஸ்கோ அறிவிக்கை 2013இல் வந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக் கழகம் 2021இல் பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் அந்த எண்ணையே விலக்குவதாக அறிவித்தது. கூட்டாக உழைத்தாரா, கணக்கைத் திறந்து வைத்தாரா, மாணவரை வளர்த்தாரா, மக்களுக்கு எட்டச் செய்தாரா என்று பார்க்கிறோம் என்றார்கள். எண் இல்லாவிட்டால் சிபாரிசு புகுந்துவிடும் என்று அங்கேயே சில பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். அது அற்பக் கவலையன்று. நம் நாட்டில் எண்ணாவது ஏழைக்குக் கைகொடுக்கும். ‘தகுதி’ என்ற சொல்லுக்குள் எந்தக் குலமுறை ஒளிந்திருக்கிறதோ என்று அஞ்சுவோரை நாம் கடிந்துகொள்ள மாட்டோம். ஆகையால் மதிப்பிடும் குழுவின் குறிப்புகளும் திறந்திருக்க வேண்டும் என்கிறோம். யாரை ஏன் எடுத்தோம் என்று எழுதி, ஒப்பமிட்டு, வெளியிடட்டும்.

நமக்கு அந்த விரிவுரையாளர் பதவி கிடைத்தது. ஆணை கைக்கு வந்த வாரத்தில், 2007 மே திங்களில், ஆசிரியருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினோம். பள்ளிக் கிணற்றின் அளவு, அதைக் குடிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை, யாருக்கு மனுச் செய்ய வேண்டும் என்ற விவரம் எல்லாம் எழுதினோம். பதினைந்து நாளில் அது திரும்பி வந்தது. மாறுதலாகிப் போய்விட்டார், முகவரி இல்லை. பள்ளிக்கே இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம், நேரில் போயிருக்கலாம். நாலு மணி நேரப் பேருந்துப் பயணம். வகுப்பு எடுக்கத் தொடங்கியிருந்தோம், புதிய பணி, புதிய மிடுக்கு. போகவில்லை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிக் காவிரி நீர் அந்த மாவட்டங்களுக்குப் போயிற்று என்று செய்தித்தாளில் படித்தபோது, அட்டையை எடுத்துப் பார்த்தோம். 2006இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் எட்டாம் வகுப்புக்கு வந்திருக்கும். நிலையான பற்கள் முளைத்து முடிந்திருக்கும்.

நெறியாளர் ஓய்வு பெற்றார். அலமாரியும் அறையோடு கைமாறியது. 2024இல் பழைய தாள்களைக் கழிக்கிறோம், வேண்டுமா என்று அத்துறையிலிருந்து தொலைபேசினார்கள். ஓடினோம். குறிப்பேடு இருந்தது; கரையான் ஓரத்தைத்தான் தின்றிருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, எல்லாக் கிணறுகளையும், கோட்டுக்கு அடங்கிய கிணறு, அடங்காத கிணறு என்ற பேதமின்றி, அட்டவணையாக்கி, எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளும் பொதுக் களஞ்சியத்தில் இட முடிவு செய்தோம். நீக்கிய ஏழு கிணறுகளைப் பற்றி ஏட்டுக்கும் திருத்தம் எழுதினோம். இன்னும் மறுமொழி இல்லை.

களஞ்சியத்தில் இடும்போது ‘நீர் எடுத்து அளவு குறித்தவர்’ என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டும். அதைக் கேட்கத்தான் அவர் வீட்டுக்குப் போனோம். சேலத்துக்கு அருகே மகன் வீட்டில் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாம் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னோம். கட்டுரையில் அவர் பெயர் விடுபட்டதை, ஏழு கிணறுகளை, ‘கூலியாள் எடுத்ததுதானே’ என்ற சொல்லை. அவர் முகத்தில் வியப்பு இல்லை. அந்தச் சொல்லை அன்றே கேட்டாராம். அடுத்த அறையில் புட்டி கழுவிக்கொண்டிருந்தாராம். அதனால்தான் மறுபடி போய்ப் புதுப் புட்டியில் எடுத்தாராம்.

பெயரைக் குறிப்பேட்டில் போடச் சம்மதித்தார். நாம் எழுதப் போகும் இந்தக் கட்டுரையில் போடலாமா என்றோம். ‘அங்கே போடுங்கள், அது என் வேலை. இங்கே வேண்டாம், இது உங்கள் வேலை’ என்றார். ஆகவே இங்கே அவர் பெயர் இல்லை.

பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாம் கொண்டுபோன அட்டவணையை ஒவ்வொரு வரியாகப் பார்க்கத் தொடங்கினார். அரை மணி நேரம் ஆயிற்று. மருமகள் கொடுத்த தேநீர் ஆறிப்போயிற்று. மூன்றாம் பக்கத்தில் விரலை நிறுத்தினார். ‘இது ஆழம் நாற்பத்திரண்டு அடி. நீங்கள் இருபத்து நான்கு என்று மாற்றி அடித்திருக்கிறீர்கள்’ என்றார். குறிப்பேட்டைப் புரட்டினோம். நாற்பத்திரண்டுதான்.